தட்டு என்னுடையது, கோழி யாருடையது?

உணவு தனிமனித உரிமை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, விலங்குகளைப் பற்றிய எந்தப் பேச்சையும் தமிழ்நாட்டில் இரண்டே நிமிடத்தில் முடித்துவிடலாம். பாலையும்கூட விடச் சொல்லும் வீகன் பேச்சை யாராவது எடுத்தால் போதும், மறுமொழி தயாராக இருக்கும். அது வெள்ளைக்காரன் மோகம், இல்லையென்றால் அக்கிரகாரத்தின் கொல்லைவாசல். பழவேற்காட்டு மீனவரிடம் போய் இதைச் சொல்வாயா? எலி பிடித்துத் தின்னும் இருளரிடம் சொல்வாயா? சத்துணவுப் பிள்ளையின் முட்டையைப் பிடுங்கப் போகிறாயா? கேட்பவர் மீனவரும் இல்லை, இருளரும் இல்லை, சத்துணவு வரிசையில் தட்டேந்தி நின்று பல காலம் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பக்கெட் பிரியாணி வரவழைக்கிறவர். அவருடைய ஒவ்வொரு கேள்வியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை எல்லாம் கூட்டினால் கடைசியில் வருவது ஒரு நழுவல்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். 2017 மே மாதம், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அதற்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்த அதே மே 30 அன்று, சென்னை ஐஐடியில் மாட்டிறைச்சி விருந்தில் கலந்துகொண்ட ஒரு மாணவர் தாக்கப்பட்டார். அன்றைக்கு ‘என் உணவு என் உரிமை’ என்று முழங்கியவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2014ல் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், இந்த மாநிலத்தில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். அப்படிப்பட்ட ஊரில் ‘சைவம் மட்டும்’ என்று வாடகை வீட்டு வாசலில் தொங்கும் பலகை யாரைத் தடுக்கிறது என்பது வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பலகைக்கும், அடிக்க வந்த கைக்கும், மாட்டுச் சந்தையில் மூக்கை நுழைக்கும் அரசுக்கும் உரிமை என்ற பதில் பொருத்தமானது.

ஆனால் அது அவர்களுக்கான பதில். கோழிக்கான பதில் ஆகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலை நடத்துகிறவரிடம் உரிமம் இருக்கிறது. அதைச் சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டியும் வைத்திருப்பார். புகைபோக்கியிலிருந்து என்ன வருகிறது, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் ஏன் இப்படி ஆனது என்று ஊர்க்காரர் கேட்கும்போது அவர் அந்த உரிமத்தைக் காட்டினால் நாம் கோபப்படுகிறோம். செய்யலாமா என்பது ஒரு கேள்வி, செய்வது யாரை என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி என்று அங்கே நமக்கு நன்றாகப் புரிகிறது. சாப்பாட்டு மேசையில் மட்டும் புரியாமல் போகிறது.

விடிகாலையில் ஜி.என்.டி. சாலையில் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இருசக்கர வண்டியின் இரண்டு பக்கமும் கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் கறிக்கோழிகள், லாரிக் காற்றில் ஆடிக்கொண்டே கடைக்குப் போகும். வலி உண்டாகும்படி ஒரு பிராணியை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அதே வண்டிக்காரர் தலைக்கவசம் போடாமல் போனால் 1,000 ரூபாய். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் திருத்தப்படவில்லை. வண்டி ஓட்டும் பையனைக் குற்றம் சொல்லி ஆவதொன்றும் இல்லை. நேரத்துக்குச் சரக்கு சேராவிட்டால் அவன் கூலி போய்விடும்.

அந்தப் பறவைக்கு வயது சுமார் நாற்பது நாள். விட்டால் பல ஆண்டு வாழக்கூடிய இனம். கால் தாங்காத வேகத்தில் மார்புச் சதை திரளும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியிருக்கிறார்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும், கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்ந்த கோழி கம்பெனிக்குச் சொந்தம், விவசாயிக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அந்தக் கூலியை உயர்த்தக் கேட்டு மேற்கு மாவட்டப் பண்ணைக்காரர்கள் அடிக்கடி போராட வேண்டியிருக்கிறது. கோழி யாருடையது என்று நான் தலைப்பில் கேட்டதற்கு ஒப்பந்தத்தாளிலேயே பதில் இருக்கிறது. மனிதருக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத கடைசிக் கட்டத்தில் கொடுக்கிற கொலிஸ்டினை இந்தப் பறவைகள் சீக்கிரம் எடை கூடவும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், அரசு அதைத் தடுத்தது 2019ல்தான். அதே ஆண்டு வெளியான கால்நடைக் கணக்கெடுப்பில் கோழியினத்தில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 12 கோடிக்கு மேல். மாநிலத்தின் மனிதத் தொகையைவிட அதிகமான உயிர்கள் அவை. இதை ‘என் சொந்த விஷயம்’ என்று சொல்லும் அளவுக்கு யாருடைய தட்டும் பெரிதில்லை.

பாரம்பரியம் என்று ஒரு கேடயம் உண்டு. அதை இந்த வட்டாரத்திலேயே வைத்துத் தட்டிப் பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்கண்டிகை என்று ஓர் ஊர். ஊரை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு, மரம் செடி கொடியோடு காடாகவே கிடந்தது. ஏரிக்குத் தண்ணீர் வந்த வழியும் அதுதான். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊர் ஆடு மாடுகளை அங்கேதான் மேய்த்தது, விறகும் பழமும் மூலிகையும் அங்கேதான் எடுத்தது. அந்த நிலம் சிப்காட்டுக்குப் போனது. பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் டயர் ஆலை கட்ட வந்தது. மக்கள் போராடினார்கள், 2012ல் புகார் பிரான்ஸ் வரை போனது. ஆலை வந்துவிட்டது, மேய்ச்சல் போய்விட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மேய்க்கால் போனால் ஆடு குறையும், நாட்டுக்கோழி கிளறித் திரியக் குப்பைமேடும் வேலியும் இல்லாமல் போகும். நிலம் விட்டு ஆலைக் கூலிக்குப் போன வீட்டில் கறி என்றால் இனி கடையில் வாங்கும் பிராய்லர்தான். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு, பெயர் வைத்து, பிள்ளைகள் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கிடாயை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி ஊரே பங்கிட்டுத் தின்றதுதான் அந்தப் பாரம்பரியம். நாற்பது நாள் கொட்டகைக் கோழியை வாரத்துக்கு நான்கு நாள் தின்பதற்கு அதில் எந்த ஆதாரமும் கிடையாது. கிடா வெட்டிலும் ஓர் உயிர் துடிக்கிறது, அதை நான் அழகுபடுத்தப் போவதில்லை. ஆனால் வெட்டும் நாளில் அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதுண்டு. தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். பாரம்பரியத்தில் காப்பாற்றத் தக்கது ஏதாவது இருந்தால் அந்த அறிவுதான், அதைத்தான் முதலில் தொலைத்தோம். அரசு அதிலும் தவறான இடத்தில்தான் கை வைத்தது. 1950ஆம் ஆண்டுப் பலித் தடைச் சட்டத்தை 2003ல் தூசு தட்டி எடுத்து, கிராமத்துக் கிடாய்களைக் காப்பாற்றக் கிளம்பியது ஜெயலலிதா ஆட்சி. மக்கள் கொதித்தார்கள், 2004ல் சட்டமே ரத்தானது. அந்த ஆட்சிக்கு ஆண்டில் ஒருநாள் வெட்டும் கிடாய் கண்ணில் பட்டது, ஆண்டு முழுவதும் இயங்கும் கொட்டகை படவில்லை.

சாதியைப் பற்றிய குற்றச்சாட்டு இவற்றைவிடக் கனமானது. மாட்டிறைச்சியை வைத்து எப்படி ஒரு மக்கள் கூட்டத்தையே ஊருக்கு வெளியே தள்ளினார்கள் என்று அம்பேத்கர் 1948ல் ஒரு முழு நூலே எழுதினார். சைவத்தைச் சாதிப் படிக்கட்டின் உச்சிப்படியாக வைத்திருப்பது இன்றும் உண்மை. ஆனால் அதிலிருந்து ‘விலங்குக்கு இரங்குவது பார்ப்பனியம்’ என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள், உயிர்க்கருணையின் பட்டாவைக் கேட்காமலே எடுத்து எதிரியின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வேள்வியில் உயிர்ப்பலி கொடுத்தவர்களை எதிர்த்து நின்றவர்கள் சமணரும் பௌத்தரும். புழலில் இன்றும் சமணரின் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்ரயில் நிற்கிற திருவொற்றியூர், வள்ளலார் சென்னையில் வாழ்ந்த காலத்தில் ஓயாமல் போய்வந்த ஊர். சாதியையும் சமயச் சண்டையையும் புலாலையும் ஒரே மூச்சில் மறுத்தவர் அவர். 1867ல் வடலூரில் தருமசாலை தொடங்கியபோது, பசித்து வந்தவரின் சாதியைக் கேட்டுச் சோறு போடவில்லை. அம்பேத்கரே 1956ல் நாக்பூரில் மக்களோடு பௌத்தம் தழுவியபோது ஏற்ற 22 உறுதிமொழிகளில் எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவதும் ஒன்று. அவர் யாருடைய தட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. அதே சமயம் கருணையை எதிரிக்குத் தாரை வார்க்கவும் இல்லை.

சாதிச் சைவத்துக்குத்தான் வீகன் வாதம் மிகுந்த சங்கடம் தருகிறது என்பதை நம் முற்போக்காளர்கள் ஏனோ கவனிப்பதில்லை. வெண்ணெய் மணக்க உட்கார்ந்துகொண்டு ‘நாங்க உயிரைக் கொல்ல மாட்டோம்’ என்று சொல்கிற வீட்டுக்குள் நுழைந்து பால் சொம்பைக் காட்டிக் கேள்வி கேட்கிறது அது. பசு பால் கொடுக்க வேண்டும் என்றால் கன்று போட வேண்டும். பிறப்பதில் பாதி காளைக்கன்று. ஏர் உழுத காலம் டிராக்டரோடு முடிந்தது. கலப்பினக் காளைக்கன்றுக்குச் சல்லிக்கட்டிலும் இடமில்லை. அது தீவனச் செலவு, அவ்வளவுதான். பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தணுவை ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தில் அரசே மானியத்தோடு பரப்புகிறது. வேண்டாத பிள்ளை என்று இதைவிடத் தெளிவாக ஒரு திட்ட அறிக்கை சொல்ல முடியாது. செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்ததை இந்தச் சென்னையின் தெருக்கள் பார்த்திருக்கின்றன. மடி வற்றிய மாடு அடிமாடாகிறது. ஆந்திரத்திலிருந்து கேரளத்துக்கு அடிமாடு ஏற்றிய லாரிகள் நம் சாலைகள் வழியாகத்தான் போகின்றன. உலகில் அதிகப் பால் கறக்கும் நாடு, எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே தொழுவத்தின் இரண்டு வாசல். ஆகவே பிரியாணிக்காரருக்கு நான் சொல்வதையெல்லாம் தயிர்சாதக்காரருக்கு இரண்டு மடங்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறியை விடுவதைவிடத் தயிரை விடுவதுதான் கஷ்டம், அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று பாடு முறை வைத்து, தலைமுறைகளாகப் பங்கிட்டு வாழ்ந்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். கொசஸ்தலையாற்றுச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அந்தப் பக்கம் உண்டு. இவர்களிடம் போய் வீகன் பாடம் நடத்துவது அபத்தம், நானும் அதைச் செய்யச் சொல்லவில்லை. வேறு வழியிருப்பவனிடம்தான் அறக்கேள்வியைக் கேட்க முடியும். ஆனால் அவர்களைச் சுட்டிக்காட்டி வாதாடுகிறவர் அவர்களுக்காக எதைச் செய்தார்? எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றை மூடியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் முகத்துவாரம் வரை பரவி வலையும் படகும் கறுத்தன. இந்த வட்டாரத்துச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாயிலிருந்து மீனைப் பறித்தது வீகன் கூட்டம் இல்லை. மின்சாரமும் பெட்ரோலும் செங்கல்லும் வாங்குகிற நாம் எல்லோரும்தான். ஆண்டு முழுவதும் மறந்திருந்துவிட்டு, விவாதம் வந்தால் மட்டும் இருளரை முன்னால் நிறுத்துவதில் அவர்களுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

நகரத்து உணவகத்தில் தட்டுக்கு வருகிற இறால் பெரும்பாலும் அந்தக் கையால் தடவிப் பிடித்ததும் இல்லை. பண்ணை இறால். அதன் தீவனத்தில் கடல்மீனை அரைத்த தூள் கலக்கிறது. ஏழை வாங்கக்கூடிய சின்ன மீனை அரைத்து, பணக்காரர் தின்னும் இறாலாக மாற்றுகிற தொழில் அது. பண்ணை உப்புநீர் வயலையும் கிணற்றையும் கெடுக்கிறது என்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் அப்படிப்பட்ட பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அவற்றுக்கு மறுபடி கதவு திறந்தது. மீனவருக்காக இறால் தின்கிறோம் என்று சொல்கிறவர், எந்த இறால் என்று ஒருமுறை கேட்டுவிட்டுத் தின்னட்டும்.

சத்துணவு முட்டையில் என் நிலை சுருக்கமானது. அதைத் தொடக் கூடாது. 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி 2010ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. மெலிந்த பிள்ளைக்கு அது மருந்து. தன் அறத்தின் செலவை இன்னொருவர் பிள்ளையின் உடம்பில் எழுதுகிறவர்களை, மத்தியப் பிரதேசத்து அங்கன்வாடிகளில் முட்டையே கூடாது என்று 2015ல் மறுத்தவர்களோடுதான் சேர்க்க வேண்டும். ஆனால் அதே சத்துணவுப் பட்டியலில் வாரத்தில் ஒருநாள் 20 கிராம் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ இருக்கிறது. அந்த 20 கிராமை ஏன் 50 ஆக்கவில்லை, ஒருநாளை ஏன் ஐந்து நாள் ஆக்கவில்லை என்று கேட்டு எந்த முட்டை ஆதரவாளரும் வீதிக்கு வந்ததில்லை. பிள்ளையின் புரதம்தான் கவலை என்றால் அந்தக் கேள்வியும் வந்திருக்க வேண்டும்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஒரு கிலோ பிராய்லர் எடைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவும் போகின்றன. செடிமேல் இரக்கம் பொங்குகிறவர் செடியை நேரடியாகத் தின்பதுதான் செடிக்கும் நல்லது.

பணக்காரப் பழக்கம் என்ற ஏளனமும் பாதாம் பால் விலையைப் பார்த்து வருவது. 1944ல் இங்கிலாந்தில் ‘வீகன்’ என்ற சொல்லை உருவாக்கியவர்கள் பாதாம் பால் விற்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒற்றை அறையில் ஆறேழு பேராகத் தங்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் அன்றாடச் சமையல் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் ‘சத்து’ என்கிற வறுகடலை மாவு. வறுமை வைத்த தட்டைக் கொள்கை என்று நான் கொண்டாடவில்லை. இறைச்சியில்லாத சாப்பாட்டுக்குச் செலவு அதிகம் என்ற பொய்யை அந்த அறை உடைக்கிறது, அவ்வளவே. வேர்க்கடலை விளைகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு புரதத்துக்கு வழியில்லை என்பது வேடிக்கை.

கடைசியாக, இந்தத் தனிமனிதத் தேர்வு என்கிற பேச்சு. சென்னையைச் சுற்றிய தொழில் வட்டாரங்களில் தன் சாப்பாட்டைத் தானே தேர்வு செய்கிறவர் எத்தனை பேர்? 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்து பூந்தமல்லிப் பக்கம் விடுதியில் தங்கியிருந்த பெண்களில் 150 பேருக்கு மேல், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், ஆலை சில வாரம் மூடிக்கிடந்தது. கைப்பேசி செய்கிற அந்தப் பெண்களுக்குத் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்தது ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளி.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் வைக்க வழி செய்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரவும் அதில் இடம் இருந்தது. கோழியைப் பற்றிய பேச்சு நடக்க வேண்டிய இடம் அந்தக் குழு. இந்தக் கோழி எந்தக் கொட்டகையிலிருந்து வருகிறது, என்ன மருந்து ஏற்றியது, மலிவு என்பதைத் தவிர வாரம் நான்கு நாள் வர அதற்கு வேறு காரணம் உண்டா, கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் ஏன் டெண்டர் இல்லை என்று அங்கே கேட்கலாம். ஒரு ஷிப்டில் ஆயிரம் பேர் சாப்பிடும் கூடத்தில் வாரம் இரண்டு நாள் கோழியை எடுத்துவிட்டுக் கடலைக்கறியோ பயற்றுக் குழம்போ வைத்தால், பத்துப் பேருக்கு ஒன்று என்று பார்த்தாலும் வாரத்துக்கு 200 பறவை குறையும். நான் தனியாளாக ஆயுள் முழுக்கத் தவிர்ப்பதை ஒரு கேண்டீன் ஓரிரு மாதத்தில் தவிர்த்துவிடும். இதனால் தொழிலாளியின் உணவு உரிமை பறிபோகும் என்று யாராவது எழுந்து சொன்னால், இன்றைய பட்டியலை எந்தத் தொழிலாளியைக் கேட்டுப் போட்டீர்கள் என்று அதே கூட்டத்தில் திருப்பிக் கேட்கலாம்.